தடித்த கோட்டுக்கு இந்தப் பக்கம்

லைல் ஆர்சனோவின் மார்பைப் பிளந்து, இதயத்தைச் சரிசெய்து, தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். பிழைத்தவன் வேலைக்குத் திரும்பி வருவானா மாட்டானா என்பதுதான் அந்தப் பிப்ரவரியில் எனக்கிருந்த ஒரே கவலை. எங்கள் ஊரான டூலூத்தில் மற்றவர்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. ஏரி எவ்வளவு உறைந்து இறுகியிருக்கிறது, வண்டியோடு உள்ளே போய் மீன் பிடிக்கலாமா கூடாதா என்று.

எங்கள் கம்பெனி மாவட்ட அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிறது. மீன்பிடி உரிமம், படகு உரிமம், நாய் உரிமம். லைல் தரவுத்தளத்தைக் கட்டிக் காப்பவன். நான் ரோண்டா வுகெலிச். மற்றவர்கள் எழுதியதைச் சோதித்து அதில் ஓட்டை கண்டுபிடிப்பவள். அவன் செய்ததில் நான் ஓட்டை கண்டுபிடிப்பேன், அது ஓட்டையே இல்லை என்று அவன் கத்துவான், மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. என் கல்யாணம்கூட இத்தனை நாள் ஓடவில்லை.

அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுதான் கம்பெனி அறுபது தாண்டியவர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பியது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விருப்ப ஓய்வு, கேக் வெட்டி அனுப்பிவைப்பார்கள். அவன் மகன் டாரில் அரிசோனாவில் இருக்கிறான். "வந்துடுப்பா, இங்க பனியே கிடையாது" என்று தினம் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தான். லைலின் மனைவி பெர்னடீன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் லைலைப் பிடித்துவைக்க அலுவலகத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

அவன் வீடு திரும்பிய வாரம் நான் ஹாட்டிஷ் என்கிற எங்கள் ஊர் அடுப்புப் பதார்த்தத்தைச் செய்து எடுத்துக்கொண்டு போனேன். மாட்டுக்கறி, வெண்ணெய், காளான் சூப் எல்லாவற்றையும் டாக்டர் விலக்கச் சொல்லிவிட்டதால் அதில் மிச்சம் இருந்தது பீன்ஸும் மேலே அடுக்கிய உருளைக்கிழங்கு உருண்டைகளும்தான். லைல் சாய்வு நாற்காலியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த இதய வடிவச் சிவப்புத் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருமினாலும் சிரித்தாலும் அதை மார்போடு அழுத்திக்கொள்ள வேண்டுமாம், தையல் விட்டுப் போகாமல் இருக்க.

ஒரு வாய் சாப்பிட்டான். "இதைத் தின்னு உயிரோட இருக்கறதுக்கு ஆபரேஷன்லயே போயிருக்கலாம்."

"போயிருக்கலாம். எனக்கும் சமைக்கற வேலை மிச்சம்."

"ஆபீஸ்ல என்ன சேதி?"

"எல்லாரும் உன்னைக் கேட்டாங்க."

"யாரு கேட்டா? பேர் சொல்லு."

டக்கென்று ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

"நம்ம ஆபீஸ் டென்னிசோட நாய் செத்தப்ப கார்டு போச்சு" என்றான். "ரெண்டே நாள்ல. கால் தடம் எல்லாம் அச்சடிச்சு. எனக்கு நெஞ்சையே பிளந்திருக்கு. ஒரு கார்டு வரல."

"வரும்யா. சுத்திக்கிட்டு இருக்கு."

"எதைச் சுத்துது? நிலாவையா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த அட்டையில் நான் என்றைக்கோ கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவனை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்றைக்கே அது என் கணினித் திரையில் வந்து நின்றது. ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாய்க்கு இரண்டு நாளில் போனது மனுஷனுக்கு ஏன் போகவில்லை?

இங்கே கர்ட் டோலஃப்சனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவர். நாற்பது வயது, நல்ல பல்வரிசை, கெட்ட எண்ணம் கிடையாது. போன வருஷம் மினியாபொலிஸில் ஏதோ பயிற்சி என்று ஒரு வாரம் போய்வந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வந்ததிலிருந்து எதை எடுத்தாலும் செயல்பாட்டு வரைபடம்தான். ஒரு வேலை எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு கரும்புள்ளி. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கட்டம். யார் என்ன செய்கிறார்கள் என்று காட்ட, நீச்சல் குளத்தில் கயிறு கட்டிப் பிரித்திருப்பார்களே, அதுபோல ஆளுக்கொரு தடம். இதுவா அதுவா என்று முடிவெடுக்கும் இடத்தில் ஒரு சாய்சதுரம். வேலை பல கையாகப் பிரியும் இடத்திலும் மறுபடி ஒன்றுசேரும் இடத்திலும் ஒரு தடித்த கோடு. எல்லாம் முடிந்தால் வளையத்துக்குள் ஒரு புள்ளி. படம் வரையாமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்றார். படத்தை வரைந்து கொடுத்தால் அதைத் தானே ஓட்டுகிற ஒரு கருவியையும் வாங்கிப் போட்டார். யாருக்கு எப்போது என்ன வேலை என்று அது பார்த்து அனுப்பிவிடும். காபி பாத்திரத்தை யார் கழுவுவது என்பதற்குக்கூட ஒரு படம் இருந்தது. பாத்திரத்தை என்னவோ நான்தான் கழுவினேன்.

பழகிக்கொள்வதற்காக முதலில் எல்லாரும் சேர்ந்து வரைந்த படம் வாழ்த்து அட்டைதான். அதற்கு முன்பெல்லாம் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலோ, வீட்டில் துக்கம் என்றாலோ, ஒரு அட்டையைப் பழுப்பு உறையில் போட்டு மேசை மேசையாக அனுப்புவோம். அது யாருடைய காபிக் கோப்பைக்கு அடியிலோ வருஷக்கணக்கில் தூங்கும். கர்ட் பலகையில் அழகாக வரைந்தார். தொடக்கப் புள்ளி, "அட்டை உருவாக்கு" என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே ஒரு தடித்த கோடு. அங்கிருந்து பிரிவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு அம்பு. எல்லாரும் கையெழுத்துப் போட்டபின் அம்புகள் வந்து சேரும் இடத்தில் ஒரு சாய்சதுரத்தை வைத்தார்.

அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த லைல் எழுந்துவிட்டான்.

"அது தப்பு."

"எது லைல்?"

"அந்த டைமண்டு. அங்க அதை வச்சீங்கன்னா, முதல்ல ஒருத்தர் கையெழுத்துப் போட்ட உடனே கார்டு கிளம்பிடும். மத்தவங்களுக்காக நிக்காது."

"நடைமுறைல அது அவ்வளவு பெரிய..."

லைல் பலகைக்குப் போய்ச் சட்டைக் கையாலேயே சாய்சதுரத்தை அழித்தான். பேனா கிறீச்சிட அந்த இடத்தில் ஒரு கோடு போட்டான். ஒரு முறை போட்டது போதாது என்று மேலும் இரண்டு முறை அதன்மேலேயே இழுத்தான். "கோடுன்னா எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் நிக்கும். ஒருத்தர் வரலைன்னாலும் நகரக் கூடாது. ஒருத்தர்னாலும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

கர்ட்டுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தரவுத்தளக்காரன் ஒருவன் தன் படத்துக்காகச் சண்டை போடுகிறான் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். பெர்னடீன் போனபோது வந்த இரங்கல் அட்டையில் ஆறே ஆறு கையெழுத்து இருந்தது. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஆறு. உறை எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது, யாரோ அப்படியே தபாலில் போட்டுவிட்டார்கள். ஆறில் ஒன்று என்னுடையது. அவன் அதைப் பற்றி ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை, அந்தக் கோட்டைப் போட்ட அன்றைக்குத் தவிர.

லைல் வீட்டிலிருந்து வந்த மறுநாள் கர்ட்டின் அறைக்குப் போனேன்.

"லைலோட கார்டு எங்கயோ நின்னுபோச்சு, கர்ட்."

அவர் திரையைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். "நிக்கல ரோண்டா. காத்துக்கிட்டு இருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

"யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கு?"

"யாரோ ஒருத்தர் இன்னும் போடல. பேர் காட்டாது. யாரையும் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு நாமதான் அப்படி வச்சோம். அவங்களுக்கு நினைவூட்டல் தானாப் போயிட்டே இருக்கும். நீங்க கவலைப்படாதீங்க."

"கவலை எனக்கில்ல. அங்க ஒருத்தன் நெஞ்சுல தையலோட உக்காந்துக்கிட்டு நமக்கெல்லாம் அவன் நினைப்பே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும் அவன்."

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடும்னு நம்புவோம்" என்றார் கர்ட். நம்புவதற்குப் படத்தில் எந்தக் கட்டம் என்று கேட்க வாயெடுத்து, எழுந்து வெளியே வந்தேன்.

மேசை மேசையாகப் போனேன். அந்தக் காலத்துப் பழுப்பு உறை மாதிரி நானே சுற்றினேன் என்று வையுங்கள்.

"லைலோட கார்டுல போட்டாச்சா?"

"போட்டேனே" என்றார் டென்னிஸ். "ஒரு பட்டன் வந்துச்சு, அமுக்கிட்டேன்."

"என்ன எழுதினீங்க?"

"எழுதணுமா என்ன? அதுவே 'சீக்கிரம் குணமாகி வாங்க'ன்னு போட்டுக்குது."

அடுத்த மேசையில் ஷெரில் தயிரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "நானும் போட்டேன். அது லைலுக்கா? யாருக்கோ குழந்தை பொறந்திருக்குன்னுல்ல நெனச்சேன்."

"குழந்தையை யாராவது குணமாகி வான்னு சொல்வாங்களா, ஷெரில்?"

"யாரு படிச்சுப் பாத்தா? ஒரு நாளைக்கு எத்தனை பட்டன் வருது தெரியுமா?"

எல்லாரும் போட்டிருந்தார்கள். ஒருவர் பாக்கி இல்லை. போட்டதும் மறந்துவிட்டார்கள். போட்டது போய்ச் சேர்ந்ததா என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பனியில் வழுக்கிக்கொண்டே மருந்துக்கடைக்கு நடந்துபோய், வாலை என்கிற எங்கள் ஏரி மீனின் படம் போட்ட ஓர் அட்டையைக் காசு கொடுத்து வாங்கிவந்தேன். பேனாவையும் அட்டையையும் மூன்று பேர் முகத்துக்கு நேராக நீட்டினேன். மூன்று பேரும் ஒரே மாதிரி பார்த்தார்கள். "அதான் போட்டாச்சே ரோண்டா, ரெண்டு தடவை எதுக்கு?" கடைசியில் அதில் என் கையெழுத்து ஒன்றுதான் இருந்தது. ஆறு கையெழுத்து வந்ததற்கே அப்படி நொந்தவனிடம் ஒரு கையெழுத்தைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

ஓட்டை கண்டுபிடிப்பவளுக்குச் சில கதவுகள் திறக்கும். கருவியின் உள்ளே எழுதிவைக்கும் பதிவுகளைத் திறந்து பெயர்களை வரிசையாக ஓட்டினேன். முடிந்தது, முடிந்தது, முடிந்தது என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரே ஒரு பெயருக்கு நேராகக் காத்திருக்கிறது என்று இருந்தது.

ஆர்சனோ, லைல்.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தேன். பிரிவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு அம்பு. லைலும் பிரிவில் இருக்கிறான். அவன் நலம்பெற அவன் கையெழுத்து வேண்டும். பழுப்பு உறை காலத்தில் எவ்வளவு பெரிய மடையனும் உடம்பு சரியில்லாதவன் மேசையில் உறையைக் கொண்டுபோய் வைக்க மாட்டான். அது படத்தில் வரைய வேண்டிய விஷயம் என்று நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சோதித்துப் பார்த்தபோது "சோதனை ஆசாமி" என்று ஒருவரை உருவாக்கி அவருக்குக் காய்ச்சல் கொடுத்தேன். ஆசாமி எங்கள் பிரிவில் இல்லை. அட்டை ஜாம்ஜாம் என்று போய்ச் சேர்ந்தது. டென்னிசின் நாய்க்கான அட்டையை நாயின் பெயரில்தான் உருவாக்கியிருந்தோம், நாயும் பிரிவில் இல்லை.

கர்ட்டிடம் ஓடினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் பல்வரிசை தெரியவில்லை.

"சின்ன விஷயம்" என்றார். "முன்னாடி ஒரு டைமண்டைச் சேத்துடலாம். பெறுகிறவர் பிரிவில் இருக்கிறாரா, ஆம்னா அவரை விட்டுடு. அஞ்சு நிமிஷ வேலை."

"பண்ணுங்க."

அவர் விசைப்பலகையில் கையை வைத்து, மறுபடி எடுத்தார். "படத்தை மாத்தணும்னா மாற்றத்துக்கான படம் ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும்."

"அதுல தரவுத் தடத்தோட பொறுப்பாளர் ஒப்புதல் தரணும்."

"யாரு அது?"

கர்ட் என்னைப் பார்த்தார். நான் கர்ட்டைப் பார்த்தேன். இரண்டு பேருமே அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

"அவருக்கு மாற்று ஆள்?" என்றேன்.

"மாற்று ஆளுக்கான கட்டம் அடுத்த கட்டத்துல போடலாம்னு வச்சிருந்தோம்."

"கர்ட், மருந்துக்கடையில ரெண்டு டாலருக்குக் கார்டு கிடைக்குது. எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"அப்படிப் பண்ணா ஒரே வேலைக்கு ரெண்டு ஓட்டம் ஆயிடும்" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. அந்த மனிதர் மேல் என்னால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அவரும் கையைப் பிசைந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் அந்தக் கை கோட்டுக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராக லைல் வீட்டுக்குப் போனேன். வெளியே ஊசியாய்க் குத்துகிற குளிர். உள்ளே அவன் அதே நாற்காலியில், அதே தலையணையோடு. பக்கத்துச் சின்ன மேசையில் கம்பெனிக் கடிதமும் ஒரு பேனாவும் இருந்தன. கடிதத்தின் மேல் காபி வட்டம்.

"போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. டாரில் நாளைக்கு ராத்திரிக்கு டிக்கெட் பாத்து வச்சிருக்கான்."

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "கார்டு எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன். "உன்கிட்டதான் நிக்குது. நீ கையெழுத்துப் போடலைன்னு நிக்குது. நீ இழுத்தியே மூணு தடவை, அந்தக் கோடுதான் உன்னைப் பிடிச்சு வச்சிருக்கு."

அவன் அதிர்ச்சியடைவான் என்று நினைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு கோணிக்கொண்டு போனது. தலையணையை இரண்டு கையாலும் மார்போடு அழுத்திக்கொண்டான்.

"லைல்? வலிக்குதா? யோவ், என்னய்யா ஆச்சு?"

சிரித்துக்கொண்டிருந்தான். பாவி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முதல் நாளே தெரியும்" என்றான் மூச்சு வாங்க. "மயக்கம் தெளிஞ்சு போனை எடுத்துப் பாக்கறேன். 'லைல் ஆர்சனோவுக்கு நலம்பெற வாழ்த்து, உங்கள் கையெழுத்து தேவை'ன்னு நிக்குது. செத்துத்தான் போயிட்டேன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுமா கார்டு வரல கார்டு வரலைன்னு என் உயிரை எடுத்தே?"

"ஆமா."

"நான் மேசை மேசையா நாய் மாதிரி அலைஞ்சேன்யா!"

"அதுக்குத்தான்" என்றான். சிரிப்பு அடங்கிவிட்டது. "தரவுத்தளம் என் கையில, எத்தனை பேர் போட்டாங்கன்னு எனக்குத் தெரியும் ரோண்டா. முதல் நாளே எல்லாரும் போட்டுட்டாங்க. நெஞ்சு நெறைஞ்சுபோச்சு எனக்கு. அப்புறம் பாத்தா எல்லாரும் ஒரே வரி. கமா கூட மாறல. சரி, இது நின்னுபோனா யாராவது வந்து ஏன் நிக்குதுன்னு கேப்பாங்களான்னு பாத்தேன். ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு. யாரும் கேக்கல. நாளைக்குப் பேனாவை எடுத்து இந்தக் கடுதாசில போட்டுட்டுப் போயிடலாம்னு உக்காந்திருந்தேன்."

அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும், அது என் சுபாவம். கைப்பையைத் திறந்து வாலை மீன் அட்டையை எடுத்து அவன் மடியில் எறிந்தேன்.

பிரித்துப் பார்த்தான். இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான்.

"ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கு."

"எனக்கு எண்ணத் தெரியும்."

"'சனியனே, நீ இல்லாம எனக்குச் சாப்பாடு இறங்கல, சீக்கிரம் வந்து தொலை'" என்று படித்தான். பிறகு வாய்க்குள் இன்னொரு முறை படித்தான். நாற்காலியிலிருந்து மெதுவாக, கையை ஊன்றாமல் எழச் சொல்லிக்கொடுத்திருந்த மாதிரி எழுந்து, டெலிவிஷன் பக்கத்தில் பெர்னடீன் படம் இருக்கும் இடத்தில் அதை நிறுத்திவைத்தான். கம்பெனிக் கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"அந்த லேப்டாப்பைக் கொடு" என்றான்.

கொடுத்தேன். பட்டனை அமுக்கவில்லை, தானாக வந்த வரியை அழித்துவிட்டு ஏதோ தட்டினான். எனக்குக் காட்டவில்லை. அனுப்பிவிட்டு மூடினான்.

"எப்ப வரும் வீட்டுக்கு?" என்று கேட்டான்.

"வீட்டுக்கு வராது" என்றேன்.

"ஏன்?"

"கடைசிக் கட்டம் என்னன்னு மறந்துட்டியா? 'பெறுகிறவரின் மேசைமேல் வைக்கவும்'. வீடுன்னு நம்ம யாரும் வரையல."

"சுத்தம்" என்றான்.

வெள்ளிக்கிழமை போனது. நான் போன் செய்யவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் இருந்த அலமாரியையெல்லாம் துடைத்தேன். திங்கள் காலை ஒன்பது மணி வாக்கில் அலுவலகக் கதவு திறந்தது. தொப்பி, கம்பளிச் சால்வை, கக்கத்தில் சிவப்புத் தலையணை.

"கார்டை எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றான் லைல், யாரையும் பார்க்காமல்.

மேசைமேல் அட்டை இருந்தது. எல்லாரும் சுற்றி வந்து நின்றார்கள், கர்ட் கைதட்டக்கூடச் செய்தார். லைல் அட்டையைப் பிரித்தான். சீக்கிரம் குணமாகி வாங்க, டென்னிஸ். சீக்கிரம் குணமாகி வாங்க, ஷெரில். சீக்கிரம் குணமாகி வாங்க, கர்ட். என்னுடையதும் அதே வரிதான். நானும் அன்றைக்குப் பட்டனைத்தான் அமுக்கியிருந்தேன். அந்த ஊர்வலத்தின் கடைசியில் இப்படி இருந்தது: நீ இல்லாமல் இங்கே ஒரு காரியமும் நகரவில்லை. பொய் இல்லை, சோதித்துப் பார்த்தாயிற்று. லைல்.

ஷெரில் அதைப் படித்துவிட்டு, "எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க, யாரு அது?" என்றாள்.

கூட்டம் கலைந்தது. லைல் உட்கார்ந்தான். கணினியைப் போட்டான். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமைக் கெடு?"

"போயிடுச்சு."

"கடுதாசி?"

"அதும்மேல ஹாட்டிஷ் பாத்திரத்தை வச்சுட்டேன். ஒட்டிக்கிச்சு." மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "டாரில்கிட்ட சொல்லிட்டேன். அங்க பனியே இல்லையாம் ரோண்டா. பனி இல்லாத ஊர்ல மனுஷன் காலையில எழுந்து எதைத் திட்டறது?"

நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். வந்து பார்த்தால் அவன் திரையில் கர்ட் அனுப்பிய ஒப்புதல் விண்ணப்பம் திறந்திருந்தது. உடம்பு சரியில்லாதவரை விட்டுவிட்டு மற்றவர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்குகிற அந்தப் புதிய சாய்சதுரம்.

"சரின்னு அமுக்கு" என்றேன். "தெளிவான ஓட்டை அது."

"ஓட்டையே இல்ல அது."

"லைல்!"

"பாக்கலாம், பாக்கலாம். காத்துக்கிட்டு இருக்கட்டும்" என்று சொல்லி மூடிவிட்டான்.

அக்டோபரில் கர்ட்டுக்குப் பித்தப்பையில் கல் என்று அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் காலை நானும் லைலும் பதிவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முடிந்தது, முடிந்தது, முடிந்தது. டோலஃப்சன், கர்ட் என்ற பெயருக்கு நேராகக் காத்திருக்கிறது என்று இருந்தது.

"எத்தனை நாள் ஆகும்னு நெனைக்கறே?" என்றான் லைல். "எனக்கு மூணு வாரம் ஆச்சு."

சொல்லி வாயை மூடுவதற்குள் அது முடிந்தது என்று மாறிவிட்டது. அச்சு இயந்திரம் ஓடியது. போய் எடுத்துப் பார்த்தோம். மற்ற எல்லா வரிகளுக்கும் நடுவில், ஒரு கமாகூட மாறாமல்: சீக்கிரம் குணமாகி வாங்க, கர்ட்.

லைல் இழுப்பறையைத் திறந்து தலையணையை வெளியே எடுத்தான்.

அட்டையைக் கர்ட்டின் மேசைமேல் வைத்தோம். அடுத்த வாரம் திரும்பி வந்தவர் நின்றபடியே அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். படித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒருத்தர் விடாம போட்டிருக்காங்க" என்றார்.